களிம்பும் கதைப் புத்தகமும்

எங்கள் வீட்டுப் படப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் எண்ணெய்க் கறை உண்டு. சமையலறைக் கறை இல்லை, மகளுக்குப் பூசுகிற களிம்பு. அவளுக்கு இப்போது ஐந்து வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் வறண்டு தடித்துவிடும். இரவெல்லாம் சொறிவாள். அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று ஒரு தோல் மருத்துவர் பெயர் சொல்வதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த என் அம்மா பார்த்த மறுநிமிடமே, "ஏட்டி, இது கரப்பான்லா" என்று சொல்லிவிட்டாள்.

இதற்கு முக்கியமான வைத்தியம் ஒரு நேரக்கணக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடத்துக்குள் குளியல் முடிய வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள், அதாவது மூன்று நிமிடத்துக்குள், உடம்பு முழுக்கக் களிம்பைப் பூசிவிட வேண்டும். அதன்பின் அது ஊறுகிறவரை குழந்தை ஒரு இடத்தில் உட்கார வேண்டும். உட்காருமா? முதலில் போனைத்தான் கொடுத்தேன், மறைப்பானேன். போனை வாங்குவது களிம்பு பூசுவதைவிடப் பெரிய பாடாக ஆனபோது புத்தகத்துக்கு வந்தேன். அப்படி, இரவு ஏழரை மணி என்றால் களிம்பு, புத்தகம் என்று ஆகிப்போனது. தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதும் இந்த இரண்டைத்தான். பிள்ளைக்கு என்ன க்ரீம் போடுற, என்ன புக் வாங்குற? உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் க்ரீம். பாட்டிலில் சிரிக்கிற குழந்தையின் படம் பெரிதாக ஆக உள்ளே வாசனை கூடும் என்பது என் அனுபவம். வாசனைதான் இந்தத் தோலுக்கு ஆகவே ஆகாது. தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. இவளைப் போன்ற குழந்தைகளுக்கு இடையில் பூசிய சிமெண்ட் கொஞ்சம் குறைவு. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போய்விடுகிறது, வெளியே இருக்கிற அழுக்கும் சோப்பும் உள்ளே வந்துவிடுகின்றன. அந்த ஓட்டையை அடைப்பதுதான் களிம்பின் வேலை. அதற்கு மணமே இல்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி போதும். சென்னையில் சித்திரை வெயிலுக்கு அது பிசுபிசுக்கும், அப்போது மட்டும் வாசனை சேர்க்காத இலேசான க்ரீம். 'இயற்கை', 'ஆயுர்வேதம்' என்று பச்சை இலை போட்ட டப்பா நான்கு வாங்கினேன். மூன்று எரிந்தது. நாலாவதை நான் பூசிக்கொண்டேன்.

நலங்கு மாவு விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் போரே நடந்தது. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் காயவைத்து மில்லில் அரைத்து, டிபன் டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். அந்த வாசனைக்கு நான் இன்றும் அடிமை. ஆனால் வெடித்த தோலில் மாவைத் தேய்ப்பது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். சோப்பு மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. நம் தோல் இயல்பிலேயே இலேசான அமிலத்தன்மை உள்ளது, சாதாரண சோப்பு காரம். கத்திரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம் என்று அம்மா நிறுத்தச் சொன்னாள். காரணமில்லாமல் எதையும் நிறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். அம்மா பக்கம் நியாயம் இருந்தது தேங்காய் எண்ணெயில். அது இவளுக்கு ஒத்துக்கொண்டது. "நான் சொன்னப்பம் கேட்டியா?" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி புத்தகம். என் புகார் ஒன்றுதான்: குழந்தைப் புத்தகங்களில் முக்கால்வாசி, அம்மா அப்பாக்களை மகிழ்விக்க எழுதப்பட்டவை. பல் தேய், பகிர்ந்து உண், பொய் சொல்லாதே. வாங்குகிறவர் நாம்தானே? குழந்தை இரண்டாம் பக்கத்திலேயே வாசனை பிடித்துவிடும். எங்கள் வீட்டில் அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, மறுபடி கிழிந்த புத்தகம் துளிகா வெளியிட்ட 'கஜபதி குலபதி'. அசோக் ராஜகோபாலன் எழுதி அவரே படமும் வரைந்தது. சளி பிடித்த யானை தும்முகிற கதை, அவ்வளவுதான். அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாள் என்று கேட்டால் எப்படித் தும்முவது என்பதைத்தான். ஆனால் நானூறு தடவையாவது வாசித்திருப்பேன், ஒரு தடவைகூட அவள் எழுந்து ஓடவில்லை.

இரண்டாவது, எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே'. 1962-இல் அமெரிக்காவில் வந்தது. பனி பெய்த காலையில் ஒரு சிறுவன் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியே போய் விளையாடிவிட்டு வருகிறான். பீட்டர் கறுப்பினச் சிறுவன். அந்தக் காலத்தில் பெரிய பதிப்பகங்களின் படப் புத்தகங்களில் அப்படி ஒரு குழந்தை நாயகனாக வருவது மிக அபூர்வம். கீட்ஸ் வெள்ளையர், யூதர். 1940-இல் 'லைஃப்' பத்திரிகையில் பார்த்த ஒரு சின்னப் பையனின் படங்களை வெட்டியெடுத்து இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார். அந்த முகம்தான் பீட்டர் ஆனது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், புத்தகத்தில் எங்கேயும் அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவனுக்கு வேறு வேலை இருக்கிறது. நாளைக்கு வேண்டும் என்று ஒரு பனி உருண்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருகிறான், வீட்டுக்குள் அது கரைந்துவிடுகிறது. பனியையே பார்த்திராத என் மகளுக்கு உலகத்தின் மிகப் பெரிய துக்கம் அது. ஒவ்வொரு தடவையும் அவன் பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் களிம்பு விரல் தடம் பதிந்து பதிந்து தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது, நடிகை லுபிடா நியோங்கோ எழுதி வஷ்டி ஹாரிசன் படம் வரைந்து 2019-இல் வந்த 'சுல்வே'. குடும்பத்திலேயே மிகக் கறுப்பான சிறுமி சுல்வே. ஒரு ரப்பரை எடுத்துத் தன் தோலை அழித்துப் பார்க்கிறாள். பிறகு இரவும் பகலும் அக்காதங்கையாக வருகிற ஒரு கதை வழியாகத் தன் நிறத்தோடு சமாதானம் ஆகிறாள். அழகான படங்கள். தோழி ஒருத்தி பரிசாகக் கொடுத்தாள். மகளுக்கு நாலு வயதில் வாசித்துக் காட்டினேன்.

"ஏம்மா அவ அழுறா?"

"கறுப்பா இருக்கோம்னு."

"அதுக்கு ஏம்மா அழணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. இல்லாத நோயை நானே கொண்டுவந்து கொடுத்து, அதற்கு மருந்தும் புகட்டுகிறேன் என்று தோன்றியது. புத்தகத்தை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் என் தீர்ப்பையும் சொன்னேன்: நிறத்தைப் பற்றிப் பேசுகிற புத்தகம் வேண்டாம், நம் நிறத்தில் ஒரு குழந்தை சும்மா விளையாடுகிற புத்தகம் வேண்டும். இதைச் சொல்கிறபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

டாக்டர்களுக்கும் படப் புத்தகம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் நாங்கள் காட்டிய ஓரிடத்தில் மகளுக்கு வந்தது வேர்க்குரு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த நோயை 'சிவந்த திட்டுகள்' என்றே புத்தகங்கள் பாடம் நடத்துகின்றன, படங்களும் வெள்ளைத் தோலிலேயே நிறைய. நம் தோலில் அது சிவப்பாகத் தெரியாது. சாம்பலாக, கத்திரிப்பூ நிறமாக, சிலநேரம் வெறும் கருப்பாகத் தெரியும். லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர் இதைக் கேள்வியாக எழுப்பி, தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2020-இல் 'மைண்ட் த கேப்' என்ற கையேட்டை வெளியிட்டார். கறுப்பு, மாநிறத் தோல்களில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டுகிற படப் புத்தகம். அதைப் பற்றிப் படித்தபோது பீட்டரின் ஞாபகம்தான் வந்தது. யாருடைய தோல் படத்தில் இருக்கிறது என்பது கதைக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை.

இவ்வளவு விவரம் பேசுகிற நான் செய்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் நோய் அதிகமானபோது டாக்டர் ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். முழங்கை மடிப்புக்கும் முழங்காலுக்கும் ஒரு வாரம். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும் என்று தன் விரலில் காட்டினார். "முகத்துல மட்டும் போட்டுடாதீங்க" என்றார். ஸ்டீராய்டு என்றதும் பயந்து பாதியில் விடுகிறவர்களும் உண்டு, அதுவும் தப்பு. அளவோடு போட்டபோது நாலாம் நாள் என் பிள்ளை விடியும்வரை தூங்கினாள். அந்த மருந்துக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

ஆறிய பிறகு முழங்கை மடிப்பு சுற்றியிருந்த தோலைவிட வெளுப்பாக இருந்தது. அவள் கன்னத்தில் பழைய தடிப்பு ஆறிப்போன இடத்தில் எட்டணா அளவுக்கு ஒரு கருந்தடம். அரிப்பு இல்லை, வலி இல்லை. அதில் களிம்பைத் தொட்டு வைத்தேன். மறுநாளும். இரண்டாம் வாரம் கன்னம் தெளிந்தது. தெளிந்த பிறகும் நிறுத்தவில்லை. தடத்தைத் தாண்டியும் விரல் போனது. பத்தொன்பது நாள். புத்தகம் வாசித்துக்கொண்டேதான் செய்தேன். பீட்டரின் பக்கத்தைத் திருப்பிய அதே விரல்.

இதே வகைக் களிம்புகள் நம் ஊரில் சிவப்பழகு க்ரீமாகவே கைமாறிக்கொண்டிருப்பதும், 2018-இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்ததும் எனக்குத் தெரியும். தோல் மெலிந்துபோகும், நரம்பு தெரியும் என்றும் தெரியும். நிறத்தை உண்டாக்குகிற செல்களின் எண்ணிக்கை எந்த நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அவை செய்கிற நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம் என்பதும் படித்திருக்கிறேன். தெரிந்து என்ன பிரயோஜனம்? 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று போட்டுக்கொண்டது. சொல்லை எடுத்துவிட்டால் ஆசையும் போய்விடுமா என்று அன்றைக்கு நான் கேலி பேசியிருக்கிறேன்.

அம்மா ஊரிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "ஏட்டி, பிள்ளைக்குக் கன்னம் தெளிஞ்சிருக்குல்லா. என்னத்தைப் போட்ட? கைக்கும் கொஞ்சம் போடு" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று இரவு குளித்துவிட்டு வந்த மகள் சோஃபாவில் ஏறி, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, அந்தச் சின்ன ட்யூப் க்ரீமை மூஞ்சி ஃபுல்லா போடும்மா. கைக்கும் போடு. நெறைய போடு."

நான் போடவில்லை. தீர்ந்துபோச்சு என்று சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து நாற்காலி போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து 'சுல்வே'யை அவளே எடுத்துவந்தாள். வாசிக்கச் சொன்னாள். ஏன் அழுகிறாள் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. ரப்பர் பக்கத்தில் மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தாள். "வலிக்கும்லம்மா?" என்றாள். அந்தக் கதையில் ரப்பரை எடுப்பது குழந்தை. எங்கள் வீட்டில் எடுத்தது நான். நோயைக் கொண்டுவருகிற புத்தகம் என்று நான் மேலே தூக்கி வைத்தது, கீழே இருந்த எங்களுக்காக எழுதப்பட்டதாக இருந்தது. தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரம் என்றேன். அங்கேயும் ஐந்து நாளைக் குறைத்துத்தான் சொல்ல வந்தது. முகத்துக்கு ஸ்டீராய்டு இல்லாத வேறு மருந்து எழுதினார், தேவைப்பட்டால் மட்டும்.

அம்மாவிடம், பிள்ளை காதுபட நிறத்தைப் பேசாதே என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "என்னையப் பொண்ணு பாக்க நாலு பேரு வந்தாவ. நாலு பேரும் காப்பிய குடிச்சிட்டு, பிள்ளை கருப்புன்னுட்டுப் போனாவ. ஒனக்கு அது வரக்கூடாதுன்னுதான் மாவு தேச்சேன்" என்றாள். பிறகு ஒன்றும் பேசவில்லை. அதற்கு அப்புறம் அவள் பிள்ளை முன்னால் நிறத்தைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. நலங்கு மாவு டப்பாவை மட்டும் ஊருக்கு எடுத்துப் போகாமல் எனக்காக வைத்துவிட்டுப் போனாள்.

கன்னத்தின் வெளுப்பு சில மாதங்களில் சுற்றியிருந்த நிறத்தோடு கலந்துவிட்டது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாகத் திரும்பிவிட்டது என்றார் டாக்டர். நிம்மதிதான். ஆனால் அதற்கு முன்னால், ஒரு கணம், ஏதோ கைவிட்டுப் போன மாதிரி எனக்கு இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதிய அபிப்பிராயங்களுக்கெல்லாம் மதிப்பில்லை.

இப்போது மூன்று புத்தகங்களும் கீழ்த் தட்டில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதை அவளே முடிவு செய்கிறாள். நேற்று யானை. தும்மல் வருகிற பக்கத்தில் சத்தம் போடுவது அவள் உரிமை. நான் முந்திக்கொண்டால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.