தெருவுக்கு அடியில் ஓர் ஓடை

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், குவீன் தெருவுக்கு அடியில் ஓர் ஓடை ஓடுகிறது. வைஹொரோட்டியு என்று பெயர். பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு நீரும் உணவும் தந்த ஓடை அது. வந்து குடியேறிய ஐரோப்பியர் கழிவைக் கொட்டி அதைச் சாக்கடையாக்கினார்கள். நாற்றம் பொறுக்காமல் செங்கல் கட்டி மூடினார்கள்.

துறைமுகத்தை ஒட்டிய வைட்டெமட்டா ரயில் நிலையத்திலிருந்து ஒரு காலை நடக்கத் தொடங்கினேன். முட்டுச்சந்து போல இங்கே முடிந்துபோன ரயில் பாதையை, மண்ணுக்குள் 3.45 கிலோமீட்டர் நீளத்துக்கு இரட்டைச் சுரங்கம் குடைந்து நீட்டியிருக்கிறார்கள். அந்தத் தடத்தைத் தரைக்கு மேலே நடந்தே பார்த்துவிட ஆசை.

முதலில் வருவது ஆவோடெயா சதுக்கம். தெருவுக்கு அடியில் ஓடும் அந்த ஓடையில் ஹொரோட்டியு என்னும் டனிஃபா குடியிருப்பதாக மாவோரிகள் நம்புகிறார்கள். நீரைக் காக்கும் சக்தி அது. சுரங்கம் அதன் வழியில் குறுக்கிடுமே என்று 2011-இல் மாவோரி தரப்பிலிருந்து குரல் எழுந்தபோது கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் மூடநம்பிக்கை தெரியவில்லை. ஒருமுறை எங்களைக் கேட்காமல் புதைத்தீர்கள், இம்முறையாவது கேளுங்கள் என்ற முறையீடுதான் தெரிகிறது.

கேட்டார்கள். எட்டுப் பழங்குடிகளின் பிரதிநிதிகள் திட்டத்தோடு கலந்து பேசினார்கள். நிலையங்களின் வடிவமைப்பில் அவர்கள் கதைகள் இடம்பெற்றன. சதுக்கத்தருகே உள்ள நிலையத்துக்கு அவர்கள் அளித்த பெயர், டெ வைஹொரோட்டியு. மேட்டில் ஏறினால் அடுத்தது கரங்கா-அ-ஹாப்பே. மாவோரி மூதாதையர் வந்த படகில் இடம் கிடைக்காத ஹாப்பே என்பவர், திருக்கை மீன் மேலேறி எல்லோருக்கும் முன்னே வந்து சேர்ந்து, பின்னால் வந்தவர்களைக் கூவி வரவேற்றாராம். அந்த வரவேற்புக் குரல்தான் நிலையத்தின் பெயர்.

சுரங்கம் குடைந்த இயந்திரத்துக்கு டேம் ஃபினா கூப்பர் என்று பெயரிட்டிருந்தார்கள். 1975-இல், 79 வயதில், மாவோரி நிலம் இனியும் பறிபோகக் கூடாது என்று நாட்டின் வடகோடியிலிருந்து வெலிங்டன் நாடாளுமன்றம் வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நடைப்பயணத்தைத் தலைமையேற்று நடத்திய மூதாட்டி அவர். மண்ணுக்காக நடந்தவரின் பெயர் மண்ணைத் துளைக்கும் இயந்திரத்துக்கு. பெருமைதான். ஆனாலும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

கடைசி நிலையத்தின் பெயர் மவுங்காஃபாவ். அதே பெயருள்ள எரிமலை அருகிலேயே இருக்கிறது. 196 மீட்டர் உயரம். அதையும் சேர்த்து 14 மலைகளின் உரிமை 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 13 பழங்குடிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. இன்று மாநகராட்சியோடு சரிசமமாக அமர்ந்து அவர்கள் மலைகளை நிர்வகிக்கிறார்கள். உச்சியில் புல் போர்த்திய பெரும் பள்ளம். புனிதமான இடம், இறங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. யாரும் இறங்கவில்லை.

என் உறுத்தலுக்கு அங்கேதான் விடை கிடைத்தது. பெயர் சூட்டுவது மரியாதையின் தொடக்கம். நிலத்தின் உரிமையும், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அந்த மக்கள் கைக்கு வரும்போதுதான் அது முழுமையாகிறது.

திரும்பும்போது மறுபடி குவீன் தெரு. ஓடைக்குப் பெயர் திரும்பிவிட்டது, வெளிச்சம் இன்னும் திரும்பவில்லை. அதன்மேல் மெதுவாகவே நடந்தேன்.