இடைச்செருகல்

சேக்காட்டில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் பதினோர் ஆண்டுகளாக ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்பதைவிட அமிழ்ந்தது என்பதே பொருந்தும். நான்கு சக்கரங்களும் காற்றிழந்து, ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிது சிறிதாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த அப்பா, நான் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கியது. 1965 முதல் விஜயந்தா டாங்கிகள் வெளிவந்த ஆலை அது. வாரமெல்லாம் இரும்போடு பழகியவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் இரும்பே வேண்டியிருந்தது. நான் தமிழ் இலக்கியம் எடுத்தபோது அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க என்னை அழைக்கவும் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் பழைய இரும்புக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, எடைக்கு ஒரு விலை சொன்னார். அம்மா பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்த மௌனத்துக்கு அஞ்சித்தான் "நானே சரிசெய்யப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் சைக்கிள் செயின்கூட மாட்டியதில்லை.

தெரியாத ஒன்றை முதலில் படித்துப் பார்ப்பதுதானே ஆசிரியர்களின் வழக்கம்? படித்தேன். எங்களுடையது மகிந்திரா சிஜே 3பி. உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பின் வாரிசு. 1947இல் இந்தியாவில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, பின்னர் இங்கேயே உற்பத்தி செய்தது. அமெரிக்காவில் 1953இல் வந்த 3பி அங்கே 1968இல் நின்றுபோனது. இங்கே அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஓடியது. அதன் பானெட் ஏன் அவ்வளவு உயரம் என்பதற்கும் விடை கிடைத்தது. புதிய என்ஜினில் உள்வாங்கும் வால்வுகளை மேலே தலைப்பகுதிக்கு ஏற்றினார்கள். என்ஜின் உயர்ந்தது; அதை மூட பானெட்டும் உயர்ந்தது. அழகுக்காக அல்ல, தேவைக்காக நீண்ட மூக்கு.

படிப்பு அத்துடன் முடிந்தது. புதிதாக ஒரு ஸ்பானர் செட் வாங்கி வந்து முதல் போல்ட்டில் பதின்மூன்றாம் எண்ணை மாட்டித் திருகினேன். போல்ட் அசையவில்லை; அதன் முனைகள்தாம் மழுங்கின. மூன்று போல்ட்டுகளை இப்படிக் கெடுத்த பிறகு அம்மா கோணிப்பையில் சுற்றிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"அது மில்லிமீட்டர்டா. இந்த வண்டிக்கு இஞ்சு ஸ்பானர். அரை இஞ்சு எடு."

அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். பதின்மூன்று அதில் நுழையும், ஆனால் பிடிக்காது. யாப்பில் ஒரு மாத்திரை பிசகினால் ஓசை தளர்வதை இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். அதே தளர்ச்சியை என் கை அன்று அறிந்தது.

அடுத்தது சக்கரம். வலப்பக்கச் சக்கரங்கள் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்ததும் கழன்றன. இடப்பக்கத்தில் ஒரு குழாயைச் செருகி என் முழு எடையையும் கொடுத்தேன். போல்ட் ஒடிந்தது. அம்மா சமையற்கட்டு ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார்.

"இடது பக்கம் எதிர்ப்பக்கமாத் திருப்பணும். அப்பா சொல்லித் தரலையா?"

துருவைச் சுரண்டிப் பார்த்தேன். போல்ட் முனையில் 'எல்' என்ற எழுத்து பொறித்திருந்தது. சக்கரம் சுழலும் போக்கில் நட்டு தளர்ந்துவிடாதிருக்க, இடப்பக்கத்துக்கு மட்டும் இடமரை. அப்பா எனக்குச் சொல்லித் தரவில்லைதான். நான் விலகிப்போன ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர் அம்மா. என்னவோ நான் ஒருவனே அவருடைய வாரிசு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிரேக் வேலைக்கு வந்த பட்டறைக்காரர்தான் பெரிய கேள்வியைக் கிளப்பினார். "சார், இதுல ஒரிஜினல் என்ஜின் இல்ல. புதுப்பேட்டையில தேடினா பெட்ரோல் என்ஜின் கிடைக்கும். மாத்திட்டா வண்டிக்கு மதிப்பே வேற." பெட்ரோல் செலவு தாங்காமல் அப்பா டீசல் என்ஜின் மாற்றியிருந்தார். 2021இல் வந்த மத்திய விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டி தன் என்ஜினும் சட்டமும் உடலும் பெரிதும் மாறாமல் இருந்தால் 'விஏ' எழுத்துகளோடு பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எங்கள் வண்டிக்கு வயது இருக்கிறது. தூய்மைதான் இல்லை.

எனக்கு ஆசை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூலபாடத்தை மீட்பதுதானே பதிப்பு? இடைச்செருகலை நீக்குவதுதானே அறம்? இரண்டு இரவுகள் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடுகளில் அடிகள் சிதைந்திருந்த இடங்களில் அவர் தாமாக எழுதி நிரப்பவில்லை. 267, 268 ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. எண்கள் மட்டும் இருக்கின்றன. வேறுபட்ட பாடங்களையும் அவர் எறிந்துவிடாமல் அடிக்குறிப்பில் காத்தார்.

மூன்றாம் நாள் காலையில் பானெட்டைத் திறந்து, என்ஜினைத் தாங்கும் பட்டைகளைப் பார்த்தேன். அப்பா தாமே வெட்டி வெல்டிங் செய்தவை. தழும்பு தழும்பாகத் தெரியும் பற்றவைப்பு. இடைச்செருகல் என்பது தன்னை மூலம் என்று சொல்லிக்கொள்வது. இது அப்படிச் சொல்லவில்லை. ஆர்.சி. புத்தகத்திலேயே மாற்றம் பதிவாகியிருக்கிறது. இது செருகல் அல்ல, உரை. மூலத்தைத் தன் காலத்துக்கும் தன் சம்பளத்துக்கும் ஏற்ப ஒருவர் எழுதிய உரை. பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தால் என்ஜின் எழாது. கைப்பம்பை அழுத்தி, குமிழி வராமல் டீசல் மட்டும் கசியும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஏழாவது முயற்சியில், வேப்பமரமே அதிரும்படி அது இருமி, கரும்புகை கக்கி, ஓடத் தொடங்கியது.

வண்டி இன்னும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஒடிந்த போல்ட்டை மாற்ற வேண்டும்; ஏட்டில் விட்ட இடத்தை அப்படியே விடலாம், சக்கரத்தில் விட முடியாது. அன்று முன்னும் பின்னுமாகப் பத்தடி ஓட்டினேன். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு இடப்பக்கம் ஏறி அமர்ந்து, சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"மூணாவது சிலிண்டர் சரியா அடிக்கல" என்றார்.