கம்ப்யூட்டர் பிறக்கும் ஊரில் கண்மூடிய லேப்டாப்!

ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் இப்போது கம்ப்யூட்டர்களும் பிறக்கின்றன. டெல் நிறுவனம் இங்கே ஆலை திறந்தது 2007-ல். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் போனால் வல்லக்கோட்டை முருகன், அடுத்து ஒரகடம். ரெனோ, ராயல் என்ஃபீல்டு என வரிசையாக ஆலைகள். ஷிஃப்ட் பஸ்கள் ஓயாமல் ஓடுகின்றன.

டீக்கடையில் உட்கார்ந்து செய்தி அனுப்ப லேப்டாப்பைத் திறந்தேன். 40% காட்டியது, அடுத்த நிமிடமே அணைந்தது! பக்கத்து சர்வீஸ் கடைக்கு ஓடினேன்.

“தம்பி, எப்பவும் சார்ஜ்லயே கிடக்குமா?”

“ஆமாண்ணே.”

“வெயில்ல நிக்கிற வண்டியில வெச்சிட்டுப் போவீங்களா?”

அதற்கும் ஆமாம்தான்.

லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடும், எந்நேரமும் 100 சதவிகிதத்திலேயே இருப்பதும் ஆகாது என்றார். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரமே முதுமை. அவர் சொன்னவை:

* சார்ஜ் 20-க்கும் 80-க்கும் இடையில் இருக்கட்டும். பல லேப்டாப்களில் 80-ல் நிறுத்தும் செட்டிங் உண்டு.

* மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். காற்றுத் துளை அடைபடும்.

* வெளியே போகும்போது திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

* பேட்டரி உப்பினால் உடனே நிறுத்துங்கள். குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள்.

அவர் கடை பிளக்கில்தான் செய்தி போய்ச் சேர்ந்தது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. வெயில் என் மேல் விழுந்தது. பையை மட்டும் நிழலுக்கு நகர்த்தினேன்.