எல்லோருக்கும் ஒரே வரிசை

நாங்கள் குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்டுக்குப் போனது 2021 மார்ச்சில். தடுப்பூசி வந்திருந்தது, ஆனால் எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை. மதுரையிலிருந்து சித்தி போனில் கேட்டார், "இந்த நேரத்துல அங்கெல்லாம் போறது அவசியமாத்தா?" கோபமில்லை, கவலைதான். "பிள்ளைக ஒரு வருஷமா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குதுக சித்தி" என்றேன். அது உண்மையான பதில்தான். ஆனால் அங்கே ஒரு பகல் முழுக்க நின்று வந்த பிறகு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்குப் பிடிபட்டது. முன்பின் தெரியாத மனிதர்களோடு சேர்ந்து நிற்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அம்மா எங்களிடம் வந்தது 2020 ஜனவரியில். பேரன் பேத்தியோடு சில மாதங்கள் இருந்துவிட்டு ஆடிக்கு முன்னால் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. மார்ச் 23 அன்று இந்தியா பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. பிறகு வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துப்போக வந்தே பாரத் விமானங்கள் பறந்தன என்றாலும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள 68 வயது அம்மாவைத் தனியாக ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. விசாவை நீட்டிக்க விண்ணப்பித்துவிட்டு எங்களோடேயே வைத்துக்கொண்டோம்.

மதுரைச் சித்திரை வீதிகளுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து பழகியவர் அம்மா. அந்த ஆண்டு மே மாதம் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. இங்கே ஃப்ளோரிடாவில் நள்ளிரவு நெருங்கும் நேரம். குளித்து, புடவை மாற்றி, போனைச் சுவரில் சாய்த்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஊர்க்காரங்க ஒருத்தரும் இல்லாத கல்யாணத்த இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அதற்குப் பிறகு வெகுநாள் ஊரைப் பற்றிப் பேசவேயில்லை. கேட்டால் பேச்சை மாற்றினார்.

நாங்கள் இருப்பது ஆர்லாண்டோவின் தெற்கு ஓரத்தில். இந்தப் பகுதியில் முக்கால்வாசி வீடுகளில் அடுப்பெரிவது சுற்றுலாவை நம்பித்தான். 2020 மார்ச் 15 இரவோடு டிஸ்னி வேர்ல்டு கதவைச் சாத்தியது. புயல் வந்தால் ஓரிரு நாள் மூடுவார்கள். ஏறத்தாழ நான்கு மாதம் மூடிக்கிடந்தது 1971இல் திறந்த நாளிலிருந்து அதுவே முதல் முறை. பக்கத்து ஓசியோலா மாவட்டத்தில் அந்த மே மாதம் வேலையில்லாதோர் விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர், ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அந்த வேலை போனது. தேவாலய மைதானங்களில் உணவுப் பெட்டி கொடுத்தார்கள். விடிவதற்கு முன்பே கார்கள் வரிசைகட்டி நிற்கும். டிக்கியைத் திறந்துவைத்தபடி காரை மெல்ல நகர்த்திப் போக வேண்டும். முகக்கவசம் போட்ட தொண்டர்கள் அரிசியும் பீன்ஸும் பால் டப்பாவும் வைத்துவிட்டு டிக்கியை மூடித் தட்டுவார்கள். என் கணவர் சனிக்கிழமைகளில் பெட்டி தூக்கப் போவார். கொடுப்பவர் முகத்தை வாங்குகிறவர் பார்ப்பதில்லை, வாங்குகிறவர் முகத்தைக் கொடுப்பவரும் பார்ப்பதில்லை என்று ஒருநாள் வந்து சொன்னவர், அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

ஜூலை 11 அன்று பூங்கா மறுபடி திறந்தது. அதற்கு மறுநாள் ஃப்ளோரிடா ஒரே நாளில் 15,000க்கும் மேற்பட்ட தொற்றுகளை அறிவித்தது. அப்போது போகிற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. செப்டம்பரில் டிஸ்னி நிறுவனம் அமெரிக்காவில் பூங்காப் பிரிவில் 28,000 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தபோது, திறந்தும் பயனில்லையே என்று ஊரே சோர்ந்தது.

டிசம்பர் கடைசியில், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஃப்ளோரிடா தடுப்பூசி போடத் தொடங்கியது. ஆரஞ்ச் கவுண்டி கன்வென்ஷன் சென்டரில், காரிலிருந்து இறங்காமலே ஊசி. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நானும் கணவரும் ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து அம்மாவுக்கு இடம் பிடித்தோம். மீண்டும் கார்கள் வரிசை. ஆனால் இந்த வரிசையில் முகங்கள் வேறு மாதிரி இருந்தன. பக்கத்துக் காரில் இருந்த ஒரு முதியவர் ஊசி போட்டதும் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அம்மா கைகூப்பினார். வீட்டில் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரே ஆள் அம்மாதான்; வயது வந்த எல்லோருக்கும் என்று எங்களுக்குக் கதவு திறந்தது ஏப்ரல் 5 அன்றுதான்.

அம்மாவுக்கு இரண்டாவது டோஸும் முடிந்து மூன்று வாரம் கழித்தே கிளம்பினோம். வெளியே மாநில அளவில் கட்டுப்பாடுகள் முந்தைய செப்டம்பரிலேயே நீங்கியிருந்தன. முகக்கவசம் அணியாதவர்களிடம் உள்ளாட்சிகள் அபராதம் வசூலிக்கவும் ஆளுநர் தடை போட்டிருந்தார். மளிகைக் கடையில் பாதிப்பேர் முகம் மூடாமல் உரசிக்கொண்டு போனார்கள். பூங்காவுக்குள் அப்படி இல்லை. இரண்டு வயதுக் குழந்தை முதல் எல்லோருக்கும் முகக்கவசம் கட்டாயம். நடந்துகொண்டே தின்னக்கூடாது, ஓரிடத்தில் நின்றுதான் தண்ணீர்கூடக் குடிக்கலாம். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வழக்கமான கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் அனுமதி. கடைத்தெருவைவிட அந்தப் பூங்காவில் அம்மா பத்திரமாக இருப்பார் என்று கணக்குப் போட்டே முடிவெடுத்தோம். அந்தக் கணக்கை இன்றும் சரி என்றே சொல்வேன்.

வாகன நிறுத்தத்திலிருந்து ஆட்களை ஏற்றிப்போகும் டிராம் ஓடவில்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். நுழைவாயில் பந்தலுக்குள் நெற்றிக்கு நேரே வெப்பமானி, 100.4 டிகிரி இருந்தால் குடும்பத்தோடு திரும்பிப் போக வேண்டியதுதான். அம்மாவின் முறை வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வேலையில் இருந்த பெண் முகக்கவசத்துக்கு மேல் பிளாஸ்டிக் தடுப்பும் மாட்டியிருந்தாள். வெயிலில் அதன் உட்புறம் பனிமூட்டம்போல் ஆகியிருந்தது. எங்கள் மகளைப் பார்த்ததும் குனிந்து, அவள் உடுத்தியிருந்த பாவாடையைக் கண்ணாலேயே மெச்சி, "இளவரசி வரலாம்" என்றாள். வாய் தெரியாது, கண் மட்டும்தான். ஆனாலும் அது சிரிப்பு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது. ஒரு வருஷமாக அவள் கண்களைப் படித்தே வளர்ந்திருந்தாள்.

உள்ளே எங்கு பார்த்தாலும் வரிசைதான். ஆறடிக்கு ஒரு கோடு தரையில் ஒட்டியிருந்ததால் வரிசை கட்டடங்களை விட்டு வெளியே வந்து, கடை வாசல்களைத் தாண்டி, மரத்தைச் சுற்றி வளைந்து போனது. பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் கோட்டுக்குக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. "யாரும் இடிக்கலையேத்தா, யாரும் முந்தலையே" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். முன்னால் இருக்கும் குடும்பம் நகர்ந்தால் நாம் நகர வேண்டும், பின்னால் இருப்பவர்கள் நமக்காக நிற்கிறார்கள். அவரவர் கோட்டில் அவரவர் நின்றதே அடுத்தவருக்குச் செய்யும் உதவியாக இருந்தது.

'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகுக்காக நின்றபோது எங்களுக்கு முந்திய கோட்டில் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி, பேரனோடு. அந்தப் பையன் கையைத் தூக்கினான். என் மகள் தூக்கினாள். ஒற்றைக் காலில் நின்றான், இவளும் நின்றாள். ஆறடி இடைவெளியில், ஒரு சொல் பேசாமல், கண்ணாடியில் பார்ப்பதுபோல அந்த விளையாட்டு படகு வரும் வரை ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பாட்டிகளும் தாங்களும் பேச ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அந்த அம்மாள் தன் மேற்கையைத் தொட்டுக்காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அம்மா தலையாட்டி இரண்டு விரலைக் காட்டினார். அவரும் இரண்டு விரல். அப்புறம் இருவரும் பழைய சிநேகிதிகள் மாதிரி கண்ணோரம் சுருங்கச் சிரித்துக்கொண்டார்கள். படகில் வரிசைக்கு வரிசை கண்ணாடித் தடுப்பு. பொம்மைகள் பாடி முடித்து வெளியே வந்தபோது அம்மா பொம்மைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பொம்பளைக்கு என் வயசுதான் இருக்கும்" என்றார்.

குறைகள் இருந்தன. இரவில் வாணவேடிக்கை கிடையாது. ஊர்வலம் கிடையாது, முன்னறிவிப்பில்லாமல் ஒரு சிறு வண்டி மிக்கியை ஏற்றிக்கொண்டு வீதியில் போகும், கையசைப்பதோடு சரி. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள முடியாது என்பதில் மகளுக்கு வருத்தம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஐந்து வயதுக்கு அது பெரிய இழப்பு.

ஆனால் அன்று அங்கே இல்லாமல் போன இன்னொன்றுக்காக நான் சந்தோஷப்பட்டேன். 1999 முதல் டிஸ்னியில் 'ஃபாஸ்ட்பாஸ்' என்று ஒரு முறை இருந்தது. காசு கிடையாது, ஆனால் முன்கூட்டியே நேரம் பதிந்து வைத்திருப்பவர்கள் வேறு வழியில் சீக்கிரம் போய்விடலாம். டிஸ்னியின் ஓட்டல்களில் தங்குகிறவர்களுக்குப் பதிவு முன்னதாகவே திறக்கும். பெருந்தொற்றில் அதை நிறுத்திவைத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு தவிர மற்ற எல்லோருக்கும் ஒரே வரிசை. சொகுசு ஓட்டலிலிருந்து வந்தவரும், எங்களைப் போல டிபன் டப்பாவில் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தவரும் அடுத்தடுத்த கோட்டில். அம்மா மீனாட்சி கோயிலில் ஒருநாளும் கட்டணச் சீட்டு வாங்கியவரில்லை. முழங்கால் வலித்தாலும் இலவச வரிசைதான். ஏன் என்று கேட்டால், "நமக்கு முன்னால வந்தவங்க நிக்கிறாங்கள்ல" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அடுத்த மாதமே ஊரில் இரண்டாம் அலை. ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் வெயிலில் திரண்ட கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். என் சித்தி மகன் அந்தக் கூட்டத்தில் இருந்தான், மாமனாருக்காக. கோடும் இல்லை, இடைவெளியும் இல்லை. கையில் மருத்துவர் சீட்டோடு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். பணமும் ஆளும் இருந்தவர்கள் கள்ளச்சந்தையில் வாங்கிவிட்டார்கள் என்று அவன் போனில் சொன்னபோது குரல் உடைந்தது. மருந்து கிடைப்பதற்குள் அந்த மனிதர் போய்விட்டார். மார்ச் மாதத்துப் புகைப்படங்களைச் சித்திக்கு அனுப்பாமல் இருந்தேன். பிறகு அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். அக்காள் சிரிக்கிற படத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று ஷாங்காய் டிஸ்னிலேண்டில், முந்தின நாள் வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் வாயிலை மூடி, உள்ளே இருந்த 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த பிறகே வெளியே விட்டார்கள். தலைக்கு மேலே வாணவேடிக்கை, கீழே மூக்கில் குச்சி விட வரிசை. அந்தப் படங்களைப் பலர் பயங்கரம் என்றார்கள். எனக்கு அது வேறு விதமாகப் பட்டது. அங்கேயும் யாரும் யாரையும் தாண்டிப் போகவில்லை.

அம்மா அந்தச் செப்டம்பரில் ஊர் திரும்பியிருந்தார். அக்டோபர் 19 முதல் ஃபாஸ்ட்பாஸ் இருந்த இடத்தில் 'ஜீனி பிளஸ்' வந்தது. இதற்குக் காசு உண்டு: அப்போது ஆளுக்கு, ஒரு நாளைக்கு, 15 டாலர். நாங்கள் அடுத்த முறை போனபோது தரையில் கோடுகள் இல்லை. பக்கத்துப் பாதையில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் வரிசை நின்றது, நகர்ந்தது, நின்றது. மகனுக்கு அப்போது 11 வயது. "அவங்க மட்டும் எப்படிம்மா போறாங்க?" என்றான். சொன்னேன். நாலு பேருக்கு 60 டாலர், வரி தனி என்று மனக்கணக்குப் போட்டவன், "போன தடவை பாட்டியோட வந்தப்ப இது இல்லையே" என்றான்.

அதற்குப் பிறகு விலை நாளுக்கு ஒன்றாக ஆனது. 2024இல் 'பிரீமியர் பாஸ்' என்று ஒன்று வந்திருக்கிறது. கூட்டம் மிகுந்த நாட்களில் நுழைவுச்சீட்டு போக, ஆளுக்கு 400 டாலருக்கு மேலும் ஆகும். பூங்கா நடத்தப் பணம் வேண்டும், எனக்குப் புரிகிறது. எங்கள் ஊர் பிழைப்பதே அதில்தான். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு வேலை திரும்பக் கிடைத்ததும் அதனால்தான். வேண்டுமானால் நுழைவுக் கட்டணத்தைக் கூட்டுங்கள், உள்ளே வந்தவர்களைப் பிரிக்காதீர்கள் என்று, கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வரும்போதெல்லாம் எழுதி அனுப்புகிறேன். போன தடவை அனுப்பும் முன் மகன் வாங்கிப் படித்தான். 2021இல் அப்படி நடத்தினார்களே, அதையும் சேர்த்து எழுதும்மா என்றான். சேர்த்து அனுப்பினேன்.