கோழிக்கூட்டின் மேல் ஒரு கார் கூரை

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், எனக்குப் பாதி ஊர் வந்த மாதிரி. கிணத்துக்கடவு தாண்டியதும் காற்றின் குணமே மாறிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அது. தேங்காய் நார் வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்திருக்கும். பொள்ளாச்சியில் இறங்கி ஆனைமலை பஸ் பிடித்தால், கொஞ்ச நேரத்தில் மாமாவின் தென்னந்தோப்பு.

இந்தத் தடவை என் பையில் துணிமணியைவிட இரும்புதான் அதிகம். சென்னை புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்து சேகரித்த பிரேக் ரப்பர்கள், ஃபேன் பெல்ட், முன்சக்கரத்தைத் தாங்கும் 'ட்ரன்னியன்' என்கிற பித்தளை உருப்படி இரண்டு. "ஹெரால்டுக்கா? எங்கப்பா கடையில உட்கார்ந்திருந்த காலத்துல கேட்பாங்கம்மா" என்று சிரித்த கடைக்காரர், பரண் மேல் ஏறி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொட்டினார். அதற்குள் இருந்தன.

மாமாவிடம் இருப்பது 1966-ம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு வண்டி. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்று 1959-ல் வந்த கார். உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் நம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் நிறுவனம் இதைத் தயாரித்தது. நான் குடியிருப்பது தாம்பரத்தில். மாமா வீட்டுக் கொட்டகையில் தூங்குகிற கார் பிறந்த இடம் என் வீட்டுக்குப் பக்கத்தில் என்பது எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

948 சி.சி. இன்ஜின்தான். ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதன் முன்னால் கூடி நின்றதற்குக் காரணம் பானட். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்; தோப்புக்குள் ஓட்ட இதைவிடத் தோதான வண்டி கிடையாது.

இன்னொரு விசேஷமும் உண்டு. கூரை பற்றவைத்தது இல்லை, போல்ட் போட்டு முடுக்கியது. அதனால்தான் அதே காரை இங்கிலாந்தில் கூரை திறந்த மாடலாகவும் விற்க முடிந்தது. இந்த விவரம் மாமாவின் காதில் விழுந்ததுதான் வினை.

1997 கோடை விடுமுறை. நான் எட்டாவது முடித்திருந்தேன். மாமா போல்ட்டுகளைக் கழற்ற, நானும் அண்ணனும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, கூரையைத் தூக்கி வெளியே வைத்தோம். சினிமாவில் வருகிற மாதிரி திறந்த கார் செய்யப்போகிறார் மாமா! சிவப்பு பெயின்ட், வெள்ளை சீட், மடக்குகிற கேன்வாஸ். நோட்டில் படமே போட்டு வைத்திருந்தார். அத்தை கேட்டது ஒரே கேள்வி: "மழை வந்தா?"

மழை வரவில்லை, வேறொன்று வந்தது. 1998-ல் கேரளத்தில் தலைகாட்டிய ஈரியோபைட் சிலந்திப்பேன், அதே வருடம் இந்தப் பக்கத் தோப்புகளிலும் ஏறிவிட்டது. காயெல்லாம் சொறி பிடித்துச் சிறுத்துப் போயிற்று. காருக்கு எடுத்து வைத்த பணம் உரத்துக்கும் மருந்துக்கும் போனது. பிறகு மகன் படிப்பு, மகள் கல்யாணம். கொட்டகையில் காரின் மேல் தேங்காய்ச் சாக்கு ஏறியது. வெளியே கிடந்த கூரையைச் சும்மா போடுவானேன் என்று அத்தை கோழிக்கூட்டின் மேல் கவிழ்த்துவிட்டார்.

போன வருடம் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்தான். 800 கிலோ சொச்சம் தேறும், எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு. மாமா எதுவும் சொல்லவில்லையாம். ராத்திரி எனக்குப் போன் செய்தார். "கண்ணு, எனக்குக் கை நடுங்குது. ஸ்பேனர் புடிக்க முடியல. நீ வர்றியா?"

அப்படித்தான் மாதம் ஒரு முறை நான் இங்கே வருவது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு ஸ்பேனர் அளவு என்ன தெரியும்? மாமா ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். இன்ஜின் இறுகிப் போயிருந்தது. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து நான்கு துளையிலும் ஊற்றிவிட்டு ஊருக்குப் போனேன். அடுத்த மாதம் வந்து முன்பக்கப் புல்லியில் நீளக் கம்பி போட்டு இழுத்தால் அசையவே இல்லை. மறுபடி ஊற்றினோம். மூன்றாவது மாதம் ஒரு விரல்கடை நகர்ந்தது. மாமா ஸ்டூலைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

வயரிங்கை எலி முழுசாகத் தின்றிருந்தது. பொள்ளாச்சி ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் இரண்டு நாளில் புதிதாக இழுத்துக் கொடுத்தார். அழுக்கேறிய பித்தளைச் சாமான்களை அத்தை புளி போட்டுத் தேய்த்தார், குத்துவிளக்கோடு சேர்த்து. ட்ரன்னியனுக்கு மட்டும் கிரீஸ் வைக்கவே கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பதில் மாமா கறார். இதை அலட்சியம் செய்த ஹெரால்டுகள் நடுரோட்டில் முன்சக்கரம் மடங்கிப் படுத்திருக்கின்றன.

இதே பொள்ளாச்சி - பழனி ரோட்டில்தான் ஜி.டி.நாயுடு 1920-ல் தன் முதல் பஸ்ஸை ஓட்டினார். இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்காமல் தூங்க முடியாத புத்தி இந்த மண்ணுக்கே உண்டு போலிருக்கிறது.

சிக்கல் அதற்கப்புறம்தான். ஆர்.சி. புக் பத்திரமாக இருந்தது. ஆனால் பதிவில் இருக்கிற உருவம் வேறு, கொட்டகையில் நிற்கிற உருவம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. 2021-ல் வந்த பழங்கால வாகன விதிகளில் ஒரு வழி இருக்கிறது: 50 வருடம் தாண்டிய கார், மூல வடிவத்திலேயே இருந்தால், 20,000 ரூபாய் கட்டி 10 வருடத்துக்குப் பதிவு செய்யலாம். கண்காட்சி, ஊர்வலம் மாதிரி காரியங்களுக்கு ஓட்டலாம். தினசரி உபயோகத்துக்கு இல்லை. பெட்ரோல் போடப் போகலாம்.

மூல வடிவம் என்றால் கூரை வேண்டும். மாமா கனவு கண்ட திறந்த கார், ரோட்டுக்கே வர முடியாத கார்.

எனக்குச் சொல்லவே வாய் வரவில்லை. இவ்வளவு வருடமாக அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது அந்த நோட்டுப் படம்தான். டீ ஆறும்வரை பேசாமல் இருந்தார். அப்புறம் கோழிக்கூட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது துருப்புடிக்காம இருக்குதா பாரு கண்ணு."

பார்த்தேன். வெளியே சாம்பல் நிறம், உள்ளே கோழி எச்சம், ஓரத்தில் மட்டும் துரு. தகரம் கெட்டியாகவே இருந்தது.

"அப்ப எடுத்துக் கழுவிப் போட்டுரலாம். ஆனா நாளைக்குக் காலைல ஒரு ரவுண்டு இப்படியே போயிட்டு வந்துரலாம். தோப்பு நம்முளுதுதான, எவன் கேப்பான்?"

காலை ஆறரை மணிக்கு நாலாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. புகையைப் பார்த்து நாய் ஓடிவிட்டது. ஓட்டியது நான். பக்கத்தில் மாமா, பின்னால் அத்தை, கையில் குடை.

"எதுக்குங் அத்தை குடை?"

"மழை வந்தா?"

வாய்க்கால் மேடு வரை போய்த் திரும்பினோம். முதல் கியரிலேயே. தென்னை ஓலைகளுக்கு நடுவே வானம் கூடவே வந்தது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. நடுங்குகிற கையை கண்ணாடிச் சட்டத்தின் மேல் வைத்திருந்தார். இன்ஜின் அதிர்வில் கை நடுங்குவதே தெரியவில்லை.

மத்தியானம் நாலு பேர் சேர்ந்து கூரையைத் தூக்கி வைத்தோம். இரண்டு துளை மட்டும் ஒட்டவில்லை. அரம் போட்டுச் சரிசெய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கோழிக்கூட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வாங்கிப் போட்டோம்.

நான் ஊருக்குக் கிளம்பிய இரவு அத்தை போன் செய்தார். கோழிகள் புதுக் கூரைக்குள் போகவே மாட்டேன் என்கின்றனவாம். கொட்டகையில் கார்க் கண்ணாடி இறங்கியிருந்த பக்கமாகப் புகுந்து, ஆறும் பின் சீட்டில் அடைந்துவிட்டன.