பழைய ஜீப்பும் விவேகமும்

மலைப்பங்கில் வண்டி என்பது வசதிக்குரிய பொருளன்று. கீழ்ப் பழனி மலையில் எங்கள் பங்கைச் சேர்ந்த நான்கு கிளைக் கிராமங்களுள் இரண்டுக்கு இன்றும் தார்ச்சாலை இல்லை. காப்பித் தோட்டங்களின் ஊடே செல்லும் மண்பாதையே வழி. 108 ஊர்தி தார்ச்சாலை முடியும் இடம்வரை வந்து நிற்கும். அதுவரைக்கும் பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணையும் நினைவிழந்த முதியவரையும் கம்பில் கட்டிய தூளியில் சுமந்து, இளைஞர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்கிக் கொண்டு வருவார்கள். ஐப்பசி மழையில் அக்காட்சியைக் கண்டவர் எவரும் பங்குக்கு ஜீப் எதற்கு என்று கேட்கமாட்டார்.

பங்குப் பேரவையிலும் எவரும் கேட்கவில்லை. ஆனால் காப்பி அறுவடைக்குப் பின் மக்கள் மனமுவந்து அளித்த தொகை புதிய வண்டிக்குப் போதாது. பழைய ஜீப்தான் வாங்க முடியும். மக்களின் வியர்வைப் பணத்தைக் கொண்டு பழைய பொருளொன்றை வாங்குவது எளிய பொறுப்பன்று என்பதை அன்று நன்கு உணர்ந்தேன்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் நற்பண்பை எட்டுக் கூறுகளாகப் பகுத்திருப்பதைப் படித்தோம். நினைவு, கற்றுக்கொள்ளும் பணிவு, முன்நோக்கு, எச்சரிக்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பட்டியல், பழைய ஜீப்புகளின் நடுவே நின்றபோது புதுப்பொருளோடு நினைவுக்கு வந்தது.

முதலில் நினைவு. வண்டிக்கும் நினைவு உண்டு; அது தான் உழைத்த இடத்தைத் தன் உடலில் எழுதி வைத்திருக்கிறது. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற ஜீப்பில் ஸ்பிரிங் பட்டைகள் வளைவு இழந்து தட்டையாகியிருக்கும். கடலோரத்தில் ஓடியதை உப்புக்காற்று அடியிலிருந்து அரித்திருக்கும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியிலோ எண்ணெயைத் தடுக்கும் சீல்கள் காய்ந்து, ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கசியும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, எங்கே, என்ன சுமையோடு ஓடியது என்பதே முதற்கேள்வி.

அடுத்தது கற்றுக்கொள்ளும் பணிவு. வத்தலக்குண்டில் ஜீப் வேலையிலேயே தலை நரைத்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். அந்த வண்டிகளின் முன்னே அவரே ஆசிரியர், நான் மாணவன். அவர் முதலில் செய்தது, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. "சூடா இருந்தா நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், சாமி. குளிர்ந்த எஞ்சின்தான் பொய் சொல்லாது" என்றார்.

முன்நோக்கு என்பது என்னவென்று அதன்பின் அவர் கற்பித்தார். பழைய ஜீப்பின் நோய்கள் புதிரானவை அல்ல. பெரும்பாலும் முன்கூட்டியே அறியத்தக்கவை. புகை நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. கரும்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை; காற்று வடிகட்டியையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். வெண்புகை தொடர்ந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறலாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலும் அதே ஐயந்தான்.

ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சக்கரம் அசைவதற்கு முன் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் படபடவென நடுங்கினால் கிங்பின் பேரிங்குகளும் ஸ்டீயரிங் இணைப்பு முனைகளும் தேய்ந்திருக்கக்கூடும். டிரம் பிரேக்குகள் ஓடையில் நனைந்தால் சிறிது நேரம் பிடிக்கமாட்டா. நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் தளரும். எனவே, கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியிலேயே இறங்க வேண்டும். இவை யாவற்றினும் கவலைக்குரியது சேசிஸ் துரு. எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யலாம். உளுத்த சேசிஸோ வண்டியின் முதுகெலும்பே முறிந்ததற்குச் சமம். அவர் வண்டிக்கடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டைகள் பொருந்தும் இடங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஒலியைக் கேட்டார். அடியில் புதிதாகப் பூசிய கருஞ்சாயம் அவருக்கு நற்சான்றாகத் தோன்றவில்லை.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றி அவர் கூறியது என் மனத்தில் ஆழப் பதிந்தது. இவ்வகை ஜீப்பில் அந்த நெம்புகோலைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்படுகின்றன. திருப்பத்திலோ முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வளைவில் செல்ல வேண்டும். சேற்றில் சக்கரம் சற்றே வழுக்கி அவ்வேறுபாட்டை ஈடுசெய்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கெல்லாம் பல்சக்கரங்களின் மீதும் கிராஸ்களின் மீதும் விழும். ஆகவே தேவையற்ற இடத்தில் அதைப் போடலாகாது. அதே வேளையில், ஆண்டுக்கணக்கில் தொடாமலே விட்டுவிட்டால் அது இறுகிப்போய்த் தேவையான நாளில் விழாது. அளவு மீறிய பயன்பாடும் கெடுக்கிறது, பயன்படுத்தாமையும் கெடுக்கிறது.

எச்சரிக்கை, தாள்களைப் பற்றியது. ஜீப்புகளில் எஞ்சின் மாற்றுவதும், இரு சக்கர இயக்க வண்டியை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றுவதும் வழக்கத்தில் உள்ளவை. எனவே எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இத்தகைய மாற்றங்களைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதால், அந்தக் கெடுவையும் குறித்துக்கொண்டோம்.

இறுதியில் இரண்டு வண்டிகள் எஞ்சின. ஒன்று புதுச்சாயத்தில் பளபளத்தது. "ஒரு குறையும் இல்லை, ஃபாதர்" என்றார் அதை விற்றவர். மற்றொன்று 1995-இல் பதிவான எம்.எம். 540, சாயம் மங்கியது. அதன் உரிமையாளரான தோட்டக்காரர் தாமே பானெட்டைத் திறந்து, கிளட்ச் தேய்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் பாக்ஸில் ஆட்டம் இருக்கிறது, இடப்புறப் பின்சக்கரத்தில் எண்ணெய் கசிகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மெக்கானிக்கின் சுத்தியல் அந்தச் சேசிஸில் எங்கும் மணிபோல் ஒலித்தது. அதையே வாங்கினோம். கையிலிருந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே பழுதுக்கென ஒதுக்கியிருந்ததால், அக்குறைகளைச் சீர்செய்த பின்னரே வண்டி மலையேறியது.

குறையே இல்லாத பழைய வண்டி இல்லை. குறையே இல்லாத பங்கும் குடும்பமும் இல்லை. அறியாத குறைதான் நடுவழியில் நம்மைக் கைவிடுகிறது. அறிந்த குறைக்கு நாள் குறிக்கலாம், பணம் ஒதுக்கலாம், பொறுமையும் காக்கலாம். முன்நோக்கு என்பது அவநம்பிக்கை அன்று. பிறர் நம்மை நம்பி ஏறி அமர்கிறார்கள் என்பதை மறவாதிருப்பதே அது.

இப்போது மாதத்தின் முதற் சனிக்கிழமைதோறும் எங்கள் ஓட்டுநர் தம்பி, கோவிலுக்குப் பின்னுள்ள ஈரநிலத்தில் அந்த நெம்புகோலைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கிறான். எண்ணெயின் அளவையும் பிரேக்கின் நிலையையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். வண்டியில் எட்டுப் பேருக்குமேல் ஏறக்கூடாது என்ற பேரவையின் முடிவு முதலில் சிலருக்கு மனத்தாங்கலாயிற்று. காரணத்தைக் கேட்டறிந்தபின் ஏற்றுக்கொண்டனர். சென்ற மழைக்காலத்தில் அந்த ஜீப் ஒன்பது முறை இரவில் மண்பாதையில் இறங்கியது. தூளி, கோவில் கிடங்கின் சுவரில் சாய்ந்தே இருந்தது. அதன் கயிற்றை ஆண்டுதோறும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.