மலைமேல் ஓர் இரவு

வெளிநாடு சென்று திரும்பியவர்கள் தாம் கண்டவற்றை இவ்விதழில் எழுதுவது வழக்கம். நானோ இன்னும் தில்லியை விட்டே புறப்படவில்லை. ஆயினும் எழுதத் துணிந்தேன். பயணத்துக்குத் திட்டமிடும்போதே எனக்கு ஒரு பாடம் கிடைத்துவிட்டது. பிள்ளைகளைத் தொலைதூரத்தில் வைத்துவிட்டு இங்கே காத்திருக்கும் பெற்றோர் நம்மிடையே பலர் இருப்பதால், அதைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

எங்கள் மகள் இத்தாலியில் மிலான் நகரத்தில் பணிபுரிகிறாள். வரும் அக்டோபரில் நானும் என் மனைவியும் அவளிடம் செல்கிறோம். அவளுக்கு ஓய்வு சனியும் ஞாயிறுமே. அந்த இரண்டு நாட்களை மூவரும் சேர்ந்து கழிக்க அவள் தேர்ந்தெடுத்த ஊர் பெர்காமோ. மிலானுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பெர்காமோ உண்மையில் இரண்டு ஊர்கள். சமவெளியில் இருப்பது கீழூர். குன்றின்மேல் கோட்டை மதிலுக்குள் இருப்பது மேலூர். இரண்டையும் இணைக்க 1887-ஆம் ஆண்டு முதல் கம்பி இழுக்கும் மலை வண்டி ஒன்று ஓடுகிறது. என் மனைவியின் முழங்கால்களை எண்ணி நான் முதலில் விசாரித்தது இந்த வண்டியைப் பற்றித்தான்.

மேலூரைச் சுற்றியுள்ள மதிலை எழுப்பியவர்கள் வெனிஸ் குடியரசினர். 1428 முதல் 1797 வரை பெர்காமோ அவர்கள் ஆட்சியில் இருந்தது. 1561-இல் வேலையைத் தொடங்கி 1588-இல் முடித்தார்கள். ஆறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம், நான்கு வாயில்கள். மதிலுக்கு இடம் தேவைப்பட்டதால் ஊராரின் வீடுகளையும் பழைமையான ஒரு பேராலயத்தையும்கூட இடித்தார்களாம். இத்தனைக்குப் பிறகும் பெரும் முற்றுகை எதையும் அம்மதில் சந்திக்கவே இல்லை. 2017-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

இவற்றையெல்லாம் படித்ததும் என்னுள் உறங்கிய பழைய அலுவலகக் குமாஸ்தா விழித்துக்கொண்டான். காகிதம் எடுத்துக் கோடு போட்டேன். 1137-இல் கட்டத் தொடங்கிய சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயம். அதனுள் இசைமேதை தொனித்செத்தியின் கல்லறை. அடுத்தாற்போல் படைத்தலைவன் கொல்லெயோனிக்கு வண்ணப் பளிங்கில் எழுந்த நினைவு மண்டபம். 1796-இல் நிறுவப்பெற்ற கர்ராரா ஓவியக்கூடம். இப்படிப் பதினான்கு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கினேன். காலையில் இரயில் ஏறி, இரவு மிலானுக்குத் திரும்பி, மறுநாளும் அவ்வாறே சென்று வருவதென்று முடிவு செய்தேன். விடுதி அறையின் வாடகை மிச்சமல்லவா?

மகளுக்கு அனுப்பினேன். பத்து இடங்களை அடித்துவிட்டு அவள் திருப்பி அனுப்பினாள். ஆனால் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள்: "சனிக்கிழமை இரவு மேலூரிலேயே தங்க வேண்டும்." பழைய சதுக்கத்தின் மணிக்கூண்டில் இரவு பத்து மணிக்கு நூறு முறை மணி அடிக்குமாம். முற்காலத்தில் கோட்டைக் கதவுகளைச் சாத்தும் நேரத்தை அறிவித்த மணி அது; கதவு சாத்தும் வழக்கம் போயும் மணியோசை போகவில்லை. "அதை உங்களோடு நின்று கேட்க வேண்டும், அப்பா" என்று எழுதியிருந்தாள்.

நான் அறை வாடகையைப் பார்த்தேன். ரூபாய்க் கணக்கில் பெருக்கினேன். "ஒரு மணியோசைக்கு இத்தனை செலவா? ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாமே" என்றேன்.

அடுக்களையிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். "அன்றைக்கும் நீங்கள் கணக்குத்தான் பார்த்தீர்கள்" என்றாள். அவ்வளவுதான். திரும்பிச் சென்றுவிட்டாள்.

அன்பர்களே, அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் எங்கள் வீட்டில் மூவருக்கு மட்டுமே தெரியும். எங்கள் மகள் மேற்படிப்புப் படித்தது இதே பெர்காமோவில்தான். மேலூரில் சிறு அறையொன்றில் குடியிருந்தாள். 2020 பிப்ரவரி இறுதியில் வகுப்புகள் நின்றன. "அப்பா, ஊருக்கு வந்துவிடட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டாள். விமானக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, "இரண்டு வாரத்தில் வகுப்பு திறந்துவிடும் அம்மா, வந்து திரும்புவது வீண் செலவு" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

மார்ச் 8-ஆம் நாள் அந்த மாநிலம் முழுவதும் அடைக்கப்பட்டது. 22-ஆம் நாள் முதல் நம் நாட்டுக்கு வரும் விமானங்களும் நின்றன. இடையில் 18-ஆம் நாள் இரவு, பெர்காமோவில் எரியூட்ட இடமின்றிச் சவப்பெட்டிகளை இராணுவ லாரிகள் வரிசையாக ஏற்றிச் சென்ற காட்சியை உலகமே பார்த்தது. நாங்களும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெரும் முற்றுகை எதையும் சந்திக்காத மதிலுக்குள் நோய் நுழைந்துவிட்டது. என் மகளும் அதனுள்ளே இருந்தாள்.

நோய் அவளைத் தீண்டவில்லை, இறைவன் காத்தான். ஆனால் அந்த வாரங்களைப் பற்றி அவள் எங்களிடம் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அந்தத் தொலைபேசிப் பேச்சு வருமே என்ற அச்சம் எனக்கு.

அன்றிரவே அவளை அழைத்தேன். "அறையைப் பதிவு செய்துவிடு அம்மா" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "நான் இருந்த அறையின் சன்னல் தெருவிலிருந்தே தெரியும், அப்பா. அதை உங்களுக்குக் காட்ட வேண்டும்."

ஆகவே எங்கள் திட்டம் இப்போது எளியது. சனிக்கிழமை காலை மலை வண்டியில் ஏறுவோம். ஆலயத்தையும் மண்டபத்தையும் காண்போம். மதியம் பொலெந்தா உண்போம். மக்காச்சோள மாவில் கிளறிய களிதான் அது, மனைவிக்கு அச்சமில்லை. மாலையில் மதில்மேல் மெல்ல நடப்போம். கல் பாவிய தெருக்களாதலால் நல்ல காலணிகள் வாங்கிவிட்டோம். விசாவுக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டோம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் அனுபவம். ஞாயிற்றுக்கிழமைக்கு எதையும் எழுதவில்லை, வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.

மகளுக்கு அனுப்பிய தாளில் இல்லாத ஒரு வரி என்னிடம் உண்டு. அந்தச் சன்னலுக்குக் கீழே நிற்கும்போது, "அன்று உன்னை வரச் சொல்லியிருக்க வேண்டும், அம்மா, தவறு என்னுடையது" என்று சொல்ல வேண்டும். நூறு மணி அடித்து முடிவதற்குள்ளாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.